51:49 – காப்பிக் கலவையும் நாக்கின் பழக்கமும்

காப்பியும் சிக்கரியும் கலந்த தூளில் காப்பி நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையக் கூடாது என்கின்றன இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள். 1977இல் கிழக்கு ஜெர்மனி அரசு சந்தைக்குக் கொண்டுவந்த ‘காஃபே மிக்ஸ்’ என்ற தூளிலும் காப்பி 51 பங்குதான். தமிழ்நாட்டில் சட்டத்தின் விளிம்பில் நிற்கும் அந்தக் கலவையை வாங்குகிறவரும் அதைக் காப்பி என்றே சொல்கிறார், வந்தவர்களுக்கு அதையே ஆற்றிக் கொடுக்கிறார். கிழக்கு ஜெர்மனியில் அதே விகிதத்தைக் கண்டு ஜனங்கள் கொதித்துப் போனார்கள். ஆயிரக்கணக்கில் புகார் மனுக்கள் குவிந்தன. அரசை எதிர்த்து வாய் திறக்கவே யோசிக்கும் ஒரு நாட்டில் இது சிறிய செய்தியல்ல.

விகிதம் ஒன்று, விதி இரண்டு. ஒரு பானத்தில் இன்னொன்றைக் கலப்பது எப்போது விநோதமாகிறது, எப்போது அன்றாடமாகிறது என்ற கேள்விக்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது உதவும். ‘பஞ்சத்தில் கலந்தார்கள், அப்படியே பழகிவிட்டது’ என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் பதில். கலவை பிறந்த கதைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். பஞ்சம் நீங்கிய பிறகும் ஒரு கலவை ஏன் நிலைக்கிறது, இன்னொன்று ஏன் ஒரே வருடத்தில் தூக்கி எறியப்படுகிறது என்பதை அந்தப் பதில் தொடுவதே இல்லை. இக்கட்டுரையின் அக்கறை கலவை நிலைத்திருப்பதைப் பற்றியது.

இதுவரையிலான விளக்கங்கள்

எது எதோடு சேரும் என்ற கேள்வி பழையது. சரக சம்ஹிதையின் சூத்திர ஸ்தானம், 26ஆம் அத்தியாயத்தில் ஒன்றுக்கொன்று முரணான உணவுகளை விரிவாகப் பேசுகிறது. முரண் என்பதையே இடம், காலம், அளவு, சமைக்கும் முறை, சேர்க்கை என்று 18 வகையாக அது பிரிக்கிறது. பாலும் மீனும் சேரக் கூடாது என்பது அங்கே தரப்படும் முதன்மையான எடுத்துக்காட்டு. பால் குளிர்ச்சி, மீன் சூடு. இரண்டும் சேர்ந்தால் ரத்தம் கெடும் என்பது காரணம். ஆனால் அதே இடத்தில் பத்ரகாப்யர் என்பவர் எழுந்து, ஒரேயொரு மீன் வகையைத் தவிர மற்ற மீன்களைப் பாலோடு உண்ணலாம் என்று வாதிடுகிறார்; குருவான ஆத்ரேயர் அதை மறுக்கிறார். நம் வீடுகளில் கேள்விக்கு இடமின்றிச் சொல்லப்படும் விதி, எழுதப்பட்ட காலத்திலேயே விவாதப் பொருளாக இருந்திருக்கிறது. இன்னொன்றும் அங்கே உண்டு. முரணான உணவும் பழகியவருக்கு, சிறிய அளவில் உண்பவருக்கு, நல்ல செரிமானம் உள்ளவருக்குத் தீங்கு செய்யாது என்கிறது சரகம். பழக்கத்தால் உடலுக்கு ஒத்துப்போவதை அது ‘சாத்மியம்’ என்கிறது. விதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்த விலக்கைக் காட்டுவதில்லை. எனக்கோ அந்த அத்தியாயத்தில் மிக நவீனமாகத் தோன்றும் பகுதி அதுதான். தயிரில் மீன் சமைக்கும் வங்காளியும் பாலில் மீன் சூப் வைக்கும் ஃபின்லாந்துக்காரரும் அந்த விலக்குக்குள் அடங்கிவிடுவார்கள்.

வேதியியல் சொல்லும் விளக்கம் வேறு. ஒரே மணச் சேர்மங்களைப் பகிரும் பொருள்கள் ஒன்றோடொன்று நன்றாகச் சேரும் என்ற கருத்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைச் சமையல்காரர்களிடையே பரவியது. 2011இல் யோங்-யோல் ஆன், பராபாசி முதலானோர் பல்லாயிரம் சமையல் குறிப்புகளைக் கணினியில் அலசினார்கள். மேற்கு ஐரோப்பிய, வட அமெரிக்கச் சமையலில் இக்கருத்து ஓரளவு நின்றது. கிழக்காசியச் சமையலிலோ நேர்மாறான போக்கு தெரிந்தது. 2015இல் கணேஷ் பாக்லர் குழுவினர் இந்திய வட்டாரச் சமையல்களை ஆராய்ந்தபோதும் பகிரும் சேர்மங்கள் குறைந்த பொருள்களே இங்கே அதிகம் சேர்கின்றன என்று கண்டார்கள். மசாலாப் பொருள்களின் பங்கு அதில் பெரிது. ஆக மூலக்கூறு பேசுகிறது, ஆனால் எல்லா ஊரிலும் ஒரே மொழியில் பேசவில்லை.

சமூகவியல் விளக்கத்துக்கு மேரி டக்ளஸ் 1972இல் எழுதிய கட்டுரை இன்றும் தொடக்கப் புள்ளி. உணவு ஒரு சமூகத்தின் உறவு வரிசையைச் சொல்லும் ஏற்பாடு என்பது அவர் வாதம். தம் வீட்டு நடைமுறையையே ஆராய்ந்து, சாப்பாடு நெருங்கியவர்களுக்கு, பானமோ அறிமுகம் மட்டும் உள்ளவருக்கும் வேலையாளுக்கும்கூட என்று அவர் பிரித்தார். பானத்துக்குத் தமிழ்ச் சூழலிலும் இந்தத் தன்மை உண்டு. இலை போட்டுச் சோறு பரிமாறாத ஒருவருக்கும் காப்பி கொடுக்கலாம். எந்த டம்ளரில் கொடுப்பது என்பதில் சாதி வந்து உட்கார்ந்துகொண்டதும் இங்கே நடந்ததுதான்.

மூன்று விளக்கங்களுக்கும் பொதுவான குறை, அவை காலத்தை நிறுத்திவைத்துப் பார்ப்பது. காப்பியை எடுத்துக்கொண்டால் அந்தக் குறை உடனே தெரியும்.

உப்பும் வெண்ணெயும்

காப்பியின் இயல்பான துணை சர்க்கரையும் பாலும், மற்றவை விநோதங்கள் என்று நினைக்கிறோம். காப்பிச் செடியின் தாயகமான எத்தியோப்பியாவில் பல இடங்களில் காப்பிக்கு உப்பு போடுவார்கள், வெண்ணெயும் சேர்ப்பார்கள். ஒரோமோ மக்கள் காப்பிப் பழத்தை வெண்ணெயில் வதக்கி உண்பதைச் சடங்காகவே வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் சர்க்கரைதான் வந்தேறி. இதே வெண்ணெயை அமெரிக்கத் தொழிலதிபர் டேவ் ஆஸ்ப்ரே, திபெத்தின் வெண்ணெய்த் தேநீரைக் கண்டு, ‘புல்லட்புரூஃப் காஃபி’ என்று பெயரிட்டு விற்றபோது அது உடல்நலப் புதுமையாகச் செய்தியானது. மலைக் குளிரில் கொழுப்பும் உப்பும் தேடிய மேய்ப்பர்களின் கோப்பை, அலுவலகத்தில் உட்கார்ந்து வேலைசெய்பவரின் காலைச் சாப்பாடாக மாறியது.

உப்பு நாக்கில் செய்யும் வேலையை பால் பிரெஸ்லினும் கேரி போஷாம்பும் 1997இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார்கள். சோடியம் கசப்பை அடக்குகிறது. கசப்பு அடங்கியதும் அதற்கு அடியில் இருந்த இனிப்பு மேலெழுகிறது. வியட்நாமின் ஹூவே நகரில் 2010 வாக்கில் உப்புக் காப்பி ஒரு கடையில் தொடங்கி நாடெங்கும் பரவியதற்கு இந்த விளக்கம் போதும் என்றுகூடச் சொல்லலாம். துருக்கிக்குப் போனால் அது போதாது. அங்கே பெண் பார்க்க வரும் மாப்பிள்ளைக்கு மணப்பெண் உப்பிட்ட காப்பி தருவது வழக்கம். முகம் சுளிக்காமல் குடிக்கிறாரா என்பது சோதனை. சோடியம் அங்கேயும் கசப்பை அடக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோப்பை சுவைக்கக் கூடாதது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பதால்தான் சடங்கே நடக்கிறது. அளவும் முக்கியம்: ஹூவேயில் சிட்டிகை, துருக்கியில் கைநிறைய.

ஸ்வீடனின் வட பகுதியிலும் ஃபின்லாந்திலும் சூடான காப்பியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு ஊறவைத்து உண்கிறார்கள். செனகலில் முரீது என்ற சூஃபி மரபினர் காப்பிக் கொட்டையோடு ‘ஜார்’ என்ற மிளகு போன்ற காரமான விதையை வறுத்து இடித்துக் குடிக்கிறார்கள். ஷேக் அமது பம்பாவின் பெயரோடும் தூபா நகரத்தோடும் சேர்ந்த இந்த ‘கஃபே தூபா’ இன்று அந்த மரபைச் சேராதவர்களும் தெருவில் வாங்கிக் குடிக்கும் பானம். ஒரு ஞானியின் பேர் ஒரு கலவைக்கு எவ்வளவு வலுவான காப்பு என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. நம் சுக்குக் காப்பியையும் இங்கே நினைக்கலாம். சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி எல்லாம் இருக்கும். காப்பிக் கொட்டை மட்டும் பெரும்பாலும் இருக்காது. கஷாயம் என்று சொன்னால் குடிக்கத் தயங்கும் பிள்ளைகூடக் காப்பி என்றால் குடித்துவிடும்.

கிழங்கின் பயணம்

சிக்கரிக்கு வருவோம். வறுத்த சிக்கரி வேர் ஐரோப்பாவில் காப்பியின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டில். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் காப்பிக்காக வெளிநாட்டுக்குப் போகும் பணத்தைக் கண்டு பொறுக்காமல், 1781இல் காப்பி வறுப்பதை அரசின் ஏகபோகமாக்கினார். போரில் ஊனமுற்ற பழைய சிப்பாய்களை நியமித்து, தெருத்தெருவாக மோப்பம் பிடித்துத் திருட்டுத்தனமாக வறுப்பவர்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார். காப்பி வாசனையே குற்றத்தின் தடயமான அந்தக் காலத்தில் வாசனை குறைந்த கிழங்குக்கு மவுசு வந்ததில் வியப்பில்லை. 1806 நவம்பரில் நெப்போலியன் பெர்லினில் பிறப்பித்த ஆணை பிரிட்டனோடு வணிகத்தைத் தடுத்ததும், கடல் வழி வந்த காப்பி அருகி, பிரான்சிலும் சிக்கரி ஊன்றிக்கொண்டது.

தடை 1814இல் நீங்கிவிட்டது. சிக்கரி நீங்கவில்லை. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சிக்கரிக் காப்பிக்கும் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால முற்றுகையைக் காரணம் சொல்வது வழக்கம்; 1862இல் தொடங்கிய அங்குள்ள ‘கஃபே து மோந்த்’ கடை அந்தக் கதைக்கு வசதியாக நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய நகரம் அது என்பதையும், பிரெஞ்சு வீடுகளில் போருக்கு அரை நூற்றாண்டு முன்பே சிக்கரி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் முற்றுகை ஏற்கெனவே இருந்த ஒரு பழக்கத்தைப் பெருக்கியது என்று கொள்வதே பொருத்தம். பஞ்சக் கதைகள் கேட்க நன்றாக இருக்கும். அதனாலேயே அவற்றைக் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் சிக்கரி வேறொரு சண்டையைக் கிளப்பியது. 1840இல் கருவூலத் துறை, காப்பியோடு சிக்கரி கலந்து விற்கலாம் என்று அனுமதித்தது. வியாபாரிகள் கலவையைக் காப்பியின் விலைக்கே விற்றார்கள். கலந்திருப்பதை வேதியியலாலோ வேறு வழியாலோ உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது என்று நிதியமைச்சர் சார்லஸ் உட் நாடாளுமன்றத்தில் சொன்ன காலம் அது. ஆர்தர் ஹில் ஹாஸல் என்ற மருத்துவர் கடைகளில் வாங்கிய தூளை நுண்நோக்கியின் கீழே வைத்தார். காப்பிக் கொட்டையின் செல்களும் சிக்கரி வேரின் செல்களும் கண்ணுக்குப் பளிச்சென்று வேறுபட்டன. தாமஸ் வாக்லியின் ‘லான்செட்’ இதழ் 1851 முதல் இத்தகைய சோதனைகளை, விற்ற கடைக்காரரின் பெயரோடும் முகவரியோடும் வெளியிட்டது. அதன் பின்னரே கலவையைக் கலவை என்று எழுதி விற்க வேண்டும் என்ற விதி அங்கே நிலைபெற்றது.

ஹாஸலின் பங்களிப்பைப் பொதுவாகக் கலப்படத்துக்கு எதிரான வெற்றி என்று எழுதுவார்கள். நான் அதை வேறு விதமாக வாசிக்கிறேன். சிக்கரியை அவர் ஒழிக்கவில்லை. அதற்குப் பெயர்ச்சீட்டு ஒட்டினார். ஒட்டியதும் சிக்கரிக்குச் சொந்தமாக ஒரு வாழ்வு கிடைத்தது. 1876இல் கிளாஸ்கோவின் பேட்டர்சன் நிறுவனம் ‘கேம்ப் காஃபி’ என்ற புட்டித் திரவத்தை விற்கத் தொடங்கியது. அதில் காப்பி நூற்றுக்கு 4, சிக்கரி 26, மிச்சம் பெரிதும் சர்க்கரையும் நீரும். ஸ்காட்லாந்துப் படை அதிகாரி உட்கார்ந்திருக்க, சீக்கியப் பணியாள் தட்டேந்தி நிற்கும் படம் அதன் புட்டியில் இருந்தது. அந்தப் பணியாளை உட்காரவைக்க 2006 வரை ஆயிற்று. இந்தியப் பணியாளின் படத்தைக் காட்டி விற்ற ஒரு காப்பியில் காப்பியே சாட்சிக்குத்தான் இருந்தது என்பது பேரரசின் வணிகத்தைப் பற்றி நிறையச் சொல்கிறது.

கிழக்கு ஜெர்மனி, 1977

1975 ஜூலையில் பிரேசிலில் அடித்த உறைபனி காப்பித் தோட்டங்களைக் கருக்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் உலகச் சந்தையில் விலை பல மடங்கு ஏறியது. அந்நியச் செலாவணிக்குத் தவித்துக்கொண்டிருந்த கிழக்கு ஜெர்மனிக்கு இது பெரிய அடி. 1977 கோடையில் ஆளுங்கட்சியின் உயர்மட்டக் குழு, மலிவான காப்பி வகையை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் காஃபே மிக்ஸைக் கொண்டுவர முடிவு செய்தது. மீதி 49 பங்கில் கோதுமைக்கு உறவான ரை, பார்லி, கொஞ்சம் சிக்கரி, சர்க்கரைக் கிழங்கு எல்லாம் இருந்தன. விலை உயர்ந்த ‘ரோண்டோ’, ‘மோனா’ தூள்கள் கடையில் தொடர்ந்தன. அரசு அலுவலகங்களிலும் உணவகங்களிலும் கலவையே ஊற்றப்பட்டது.

ஜனங்கள் அதற்கு ‘எரிக்கின் மகுடம்’ என்று பேர் வைத்தார்கள். மேற்கு ஜெர்மனியின் பிரபலமான தூள் ஒன்றின் பெயரையும் தலைவர் எரிக் ஹோனெக்கரின் பெயரையும் முடிச்சுப்போட்ட கேலி அது. உணவகங்களில் அழுத்தத்தில் இயங்கும் காப்பி இயந்திரங்களின் வடிகட்டிகள் கலவையிலிருந்த மாவுப் பொருளால் அடைத்துக்கொண்டன. வரலாற்றாய்வாளர் ஃபோல்கர் வுண்டரிச் இந்த நெருக்கடியைப் பற்றிய ஆய்வில், அந்த நாட்டின் நுகர்வோர் எதிர்ப்பாகவே இதைப் பார்க்கிறார். அடுத்த ஆண்டு உலக விலை இறங்கியது, கலவை பின்வாங்கப்பட்டது. காப்பிக்கான அலைச்சலில் 1980இல் வியட்நாமோடு கிழக்கு ஜெர்மனி ஓர் ஒப்பந்தம் செய்து அங்கே தோட்டங்களுக்கு இயந்திரமும் பணமும் அனுப்பியது. தோட்டங்கள் நன்றாக விளையத் தொடங்கிய வேளையில் கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லை. இன்று காப்பி விளைச்சலில் பிரேசிலுக்கு அடுத்த இடம் வியட்நாமுக்கு.

அந்த வியட்நாமிலேயே எதிர்ச்சான்று ஒன்று இருக்கிறது. 1946இல் ஹனோயின் மெட்ரோபோல் விடுதியில் வேலைபார்த்த நுயென் வான் ஜாங், பால் கிடைக்காததால் முட்டை மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காப்பியின் மேல் ஊற்றினார். பால் திரும்ப வந்த பிறகும் முட்டைக் காப்பி நின்றுவிட்டது. இன்று அது அந்நகரின் அடையாளம். பஞ்சம்தான் இரண்டுக்கும் தாய். ஒன்று பட்டினிக் காலத்தின் வசையாயிற்று, மற்றது விருந்தாயிற்று.

வித்தியாசம் எங்கே? முட்டைக் கரு கோப்பையில் ஒரு வேலை செய்கிறது: பாலின் கொழுப்பும் வழுவழுப்பும் இருந்த இடத்தை நிரப்புகிறது, சில நேரம் மிஞ்சுகிறது. ரையும் பார்லியும் அளவைக் கூட்டியதோடு சரி. இது பாதி விளக்கம். மீதிப் பாதி, பக்கத்தில் வைத்து ஒப்பிட எது இருந்தது என்பது. கிழக்கு ஜெர்மனியின் வீடுகளுக்கு மேற்கிலிருந்த உறவினர்கள் அனுப்பும் பொட்டலங்களில் அசல் காப்பித் தூள் வந்துகொண்டிருந்தது. ஒரே மேசையில் மாமா அனுப்பிய தூளும் அரசாங்கம் கொடுத்த தூளும் இருந்தால், இரண்டாவதை நாக்கு மட்டும் மதிப்பிடுவதில்லை. ‘நமக்கு இவ்வளவுதான்’ என்று யாரோ முடிவு செய்ததை அந்தக் கோப்பை தினமும் காலையில் நினைவூட்டியிருக்கும்.

தூள் கடையில் சொல்லும் விகிதம்

தமிழ்நாட்டில் காப்பி பரவிய வரலாற்றுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற கட்டுரைதான் முன்னோடி. பழையதும் நீராகாரமும் இருந்த காலை வேளையைக் காப்பி பிடித்துக்கொண்டதைக் குறித்த அங்கலாய்ப்புகளையும், காப்பி நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமண வீடுகளின் தகுதிச் சின்னமானதையும் அது காட்டியது. காப்பிக்குள் இருந்த சிக்கரியைத் தனியே தொடர்வது அடுத்த கட்டம்.

இங்கே சிக்கரி ஏன் நிலைத்தது என்பதற்குச் சிக்கனமே காரணம் என்பார்கள். குஜராத்தின் ஜாம்நகர்ப் பகுதியிலும் உத்தரப் பிரதேசத்தின் ஏட்டாப் பகுதியிலும் விளையும் சிக்கரி, காப்பியைவிட மலிவு என்பது உண்மை. சிக்கனம் மட்டுமே காரணமென்றால் வசதி வந்ததும் சிக்கரி போயிருக்க வேண்டும். முதல் தரக் கொட்டைகளான பீபெரியும் பிளாண்டேஷன் ஏ-யும் வாங்கக் கையில் பணம் வைத்திருப்பவர், அவற்றைப் பாதிக்குப் பாதி அரைக்கச் சொல்லிவிட்டு, ‘சிக்கரி இருபது போடுங்க’ என்கிறார். விலையைக் குறைப்பது அவர் நோக்கமாக இருக்க முடியாது.

ஃபில்டரைப் பார்க்க வேண்டும். வறுத்த சிக்கரியில் காஃபின் கிடையாது. அதன் வேரில் நிறைந்திருக்கும் இனுலின் என்ற நார்ச்சத்து, வறுக்கும்போது உடைந்து சர்க்கரையாகி, கருகி, கருநிறமும் கருப்பட்டி போன்ற மணமும் தருகிறது. காப்பித் தூளில் வெந்நீரில் கரைவது ஏறக்குறைய 30 சதவீதம். சிக்கரியில் 70 சதவீதம் வரை. இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 80:20 கலவையின் 100 கிராமில் காப்பியிலிருந்து கரைவது 24 கிராம், சிக்கரியிலிருந்து 14 கிராம். அதாவது டிகாக்‌ஷனில் கரைந்திருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிக்கரி. 51:49 கலவையில் அது மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிவிடும். ஃபில்டரிலிருந்து எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பொறுத்து இந்த எண்கள் சற்று மாறும், போக்கு மாறாது. பொட்டலத்தில் அச்சாகும் விகிதம் வேறு, டம்ளருக்குள் நிற்கும் விகிதம் வேறு. 51 என்ற எண் சட்டத்துக்குத் தேவைப்பட்ட எண். பாதிக்கு மேல் காப்பி இருந்தால் காப்பி என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ளலாம். பெர்லினிலும் டெல்லியிலும் அதே எண் வந்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

பாலும் சேர்ந்தால் சிக்கரியின் வேலை இன்னும் தெளிவாகும். காப்பியின் நுண்ணிய புளிப்பும் பழமணமும் முக்கால் டம்ளர் கொதித்த பாலுக்கும் இரண்டு கரண்டிச் சர்க்கரைக்கும் முன்னால் நிற்பதில்லை. பாலின் கேசீன் புரதம் காப்பியின் பாலிஃபீனால்களைப் பற்றிக்கொண்டு துவர்ப்பை மழுக்குகிறது. சிக்கரியின் கனமும் கசப்பும் நிறமும் அதைக் கடந்து வருகின்றன. ‘திக்காக’ இருக்கிறது என்று நாம் பாராட்டுவதில் பெரும்பகுதி கிழங்கினுடையது. ஜெர்மன் கோப்பையில் பால் துளிதான், வடிகட்டிய காப்பியின் மணம்தான் பிரதானம். அங்கே கலவை ஒளிந்துகொள்ள இடமும் இல்லை, செய்வதற்கு வேலையும் இல்லை.

இவ்வளவோடு நிறுத்தினால் வேதியியலிடம் தோற்றதாக ஆகிவிடும். தூள் கடையின் மேசைக்கு முன் நடப்பதும் கணக்கில் சேர வேண்டும். கொட்டையின் வகை, அரைக்கும் பருவம், சிக்கரியின் அளவு ஆகியவற்றை வாங்குபவர் வாயால் சொல்கிறார். கடைக்காரர் கண்முன்னே நிறுத்து அரைக்கிறார். சிக்கரி அங்கே மறைக்கப்பட்டதும் இல்லை, திணிக்கப்பட்டதும் இல்லை. ஹாஸல் சட்டத்தின் வழியே சாதித்ததை இந்தக் கடைகள் அன்றாட வழக்கில் வைத்திருக்கின்றன. வீட்டுக்கு வீடு மாறும் அந்த விகிதம் மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் போகும். சில வீடுகளில் சண்டையும் அதில்தான் தொடங்கும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானது. விகிதம் சொல்லி அரைப்பவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலானோர் ஆலை கலந்து அடைத்த பொட்டலத்தையோ உடனடித் தூளையோ வாங்குகிறார்கள். அதில் 70:30 என்றோ 53:47 என்றோ பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிப்பவர் குறைவு. டீக்கடையில் நின்று காப்பி குடிப்பவருக்கு அந்தப் பொடி எழுத்தும் கிடையாது. தேர்ந்தெடுக்கும் உரிமை ஒரு வர்க்கத்துக்கு மட்டும் உரியது என்றால், பழக்கத்தைத் தேர்வின் விளைவாகச் சொல்வது தவறாகிவிடும். இந்த மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். தேர்ந்தெடுத்தவர்கள் கூட்டம் சிறியது. ஆனால் ‘நல்ல காப்பி’ எப்படி இருக்க வேண்டும் என்ற இலக்கணத்தை வகுத்தது அந்தச் சிறிய கூட்டம். கனமாக, கறுப்பாக, பாலில் கரைந்தும் கசந்தும் நிற்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதால், அதிகச் சிக்கரி போட்ட மலிவுத் தூளும் அதே திசையில் கொஞ்சம் தூரம் போன காப்பியாகவே நாக்குக்குத் தெரிந்தது. கிழக்கு ஜெர்மனியில் மலிவுத் தூளின் திசையும் நல்ல தூளின் திசையும் எதிரெதிரானவை.

கோப்பையின் சொந்தக்காரர்கள்

தனிமனிதர்களின் விநோதப் பழக்கங்களைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் மேதைகளைச் சுற்றியே வருகிறது. பீத்தோவன் ஒரு கோப்பைக்கு 60 கொட்டை எண்ணிப் போடுவார் என்பது அன்டன் ஷிண்ட்லர் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருகிறது. பீத்தோவனின் உரையாடல் குறிப்பேடுகளில் பின்னாளில் இடைச்செருகல் செய்தவர் என்று நிறுவப்பட்டவர் அதே ஷிண்ட்லர். கியெர்கேகார் கோப்பையின் விளிம்புக்கு மேல் சர்க்கரையைக் குவித்து, அதன் மேல் காப்பியை ஊற்றிக் கரைத்துக் குடிப்பார் என்பது அவருடைய செயலாளர் இஸ்ரேல் லெவினின் நினைவு. பால்ஸாக் 1839இல் எழுதிய நூலில் வெறும் வயிற்றில் காப்பித் தூளைக் கிட்டத்தட்ட நீரின்றியே உட்கொள்ளும் தம் முறையைத் தாமே விவரித்தார். மூன்றில் கடைசியைத்தான் நேர்ச்சான்று எனலாம்.

சான்றின் தரத்தைவிட, இந்தக் கதைகள் செய்யும் வேலை கவனிக்கத்தக்கது. கியெர்கேகாரின் சர்க்கரைக் குவியல் தத்துவவாதியின் தனித்தன்மை. டீக்கடையில் ‘சர்க்கரை தூக்கலா’ என்று கேட்கும் சுமை தூக்கும் தொழிலாளியின் டம்ளர், படித்தவர் வாயில் அறியாமை. வெயிலில் உழைக்கும் உடலுக்கு அந்த இனிப்பு ஒரு வேளைச் சாப்பாட்டின் ஈடு என்பது பேச்சில் வராது. விநோதம் என்று ரசிப்பதற்கும் மட்டம் என்று ஒதுக்குவதற்கும் இடையிலுள்ள கோடு டம்ளருக்குள் இல்லை.

தனிநபர் ருசி எங்கிருந்து வருகிறது என்பதற்கு உளவியலில் ஓரளவு உறுதியான விடைகள் இருக்கின்றன. ஒன்றை மீண்டும் மீண்டும் எதிர்கொள்வதே அதன்மேல் விருப்பத்தை வளர்க்கும் என்று ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் காட்டினார். ஜூலி மெனெல்லா குழுவினரின் 2001ஆம் ஆண்டு ஆய்வில், கர்ப்பக் காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய் கேரட் சாறு குடித்திருந்தால் குழந்தை கேரட் சுவை கலந்த உணவை எளிதாக ஏற்றது. சரகத்தின் சாத்மியம் இவற்றோடு கைகோர்த்து நடக்கக் கூடியது. ஆனால் வெறும் எதிர்கொள்ளல் போதுமென்றால் அலுவலகத்தில் தினமும் ஊற்றப்பட்ட காஃபே மிக்ஸையும் ஜெர்மானியர்கள் நேசித்திருக்க வேண்டும். பழகும் காலம் குறைவு என்று பதில் சொல்லலாம். எனக்கு அது முழுப் பதிலாகப் படவில்லை. பழக்கம் வேரூன்ற நாக்கின் சம்மதத்தோடு, ஏமாற்றப்படவில்லை என்ற நம்பிக்கையும் வேண்டியிருக்கிறது. 1850களின் லண்டன்காரர் சிக்கரியை அறியாமல் குடித்தபோது குறை சொல்லவில்லை, அறிந்தபோது கோபப்பட்டார், பெயர்ச்சீட்டைப் பார்த்து வாங்கியபோது மறுபடி அமைதியானார். மூன்று நிலையிலும் கோப்பையில் இருந்தது ஒன்றே.

இனி தேட வேண்டியவை

இப்போது சென்னை, கோவை, பெங்களூரு நகரங்களில் ஒற்றைத் தோட்டத்துக் கொட்டையை இளவறுவலாக விற்கும் காப்பிக் கடைகள் சிக்கரியைக் கலப்படம் என்றே பேசுகின்றன. கிட்டத்தட்ட ஹாஸலுக்கு முந்தைய குரல் அது. அதே வேளையில் வெளிநாட்டு நகரங்களில் தென்னிந்திய ஃபில்டர் காப்பி என்ற பெயரில் போகும் பொட்டலத்தில் சிக்கரி இருப்பதே அசலுக்கு அத்தாட்சியாகிறது. சிக்கரியில் நார்ச்சத்து உண்டு, குடலுக்கு நல்லது என்று இன்னொரு தரப்பு கிளம்பியிருக்கிறது. வறுக்கும்போது இனுலினில் கணிசமான பங்கு சிதைந்துவிடுவதை அவர்கள் சொல்வதில்லை.

இவற்றில் எது வெல்லும் என்பதைவிட, முந்தைய தலைமுறையின் விகிதங்கள் பதிவாகாமல் போவது எனக்குக் கவலை. சட்டமும் விளம்பரமும் ஆவணக் காப்பகத்தில் இருக்கும். எந்தத் தெருவில் எந்தச் சாதியார், எந்தத் தொழிலார் எவ்வளவு சிக்கரி கேட்டார்கள், சம்பளம் கூடியபோது அளவு கூடியதா குறைந்ததா, ரேஷன் காலத்தில் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் தூள் கடைக்காரர்களின் நினைவில்தான் இருக்கின்றன. கும்பகோணத்திலும் மயிலாப்பூரிலும் மதுரையிலும் இரண்டு மூன்று தலைமுறையாக அரைத்துக் கொடுப்பவர்களுக்கு வாடிக்கையாளரின் பெயர் மறந்தாலும் கலவை மறப்பதில்லை. அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்பதற்கு ஒரு வினாநிரலும் கொஞ்சம் பொறுமையும் போதும். அரைவை எந்திரம் ஓடாத மதிய நேரம் அதற்குத் தோதானது.